பீப்பாயின் மறுமுனையில் நின்றவனுக்கு

மச்சான்,

உன் வீட்டு அரிசி ட்ரம்மின் மூடி இப்போது என் மேஜைமேல் இருக்கிறது. வட்டமான மரமூடி. சாப்பாட்டுத் தட்டைவிட இரண்டு விரல் அகலம் கூடுதல். மேல்பக்கம் பத்து வருஷத்துத் தவிடும் கைப்பிசுக்கும் ஏறிக் கறுத்துக் கிடக்கிறது. போன சனிக்கிழமை ஸ்டெல்லா கொண்டுவந்து கொடுத்தாள். நீ போய் ஏழு மாதம் ஆகிறது. மர்பி டவுன் வீட்டைக் காலிசெய்துவிட்டு லிங்கராஜபுரத்தில் மகள் வீட்டோடு போய்விடப் போகிறாள் என் தங்கை. தட்டுமுட்டுச் சாமான்களை உறவுக்குள் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துவருகிறாள். உன் ராஜ்ஜியத்திலிருந்து என் பங்குக்கு வந்தது இந்த மூடி.

"பேக்கரியில மாவுப் பானைக்கு மூடி இல்லன்னு அண்ணி சொன்னாங்களே. இது நல்ல கட்டை அண்ணே, பூச்சி ஏறாது," என்றாள்.

மூக்கருகே கொண்டுபோனேன். முதலில் அரிசி வந்தது. பிறகு தவிடு, பூச்சிக்குப் போட்ட வேப்பிலை. அதற்கெல்லாம் அடியில், பாதாள லோகத்தில் யாரோ ஒரு கதவைத் திறந்துவிட்டதுபோல், மரத்தில் ஊறிய திராட்சை ரசத்தின் வாசனை. அதிலும் பன்னீர் திராட்சை தனியாக, நாவல்பழம் தனியாக. பத்து வருஷமாகப் பென்ஷன் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த என் மூக்கு, எழுந்து நின்று சலாம் போட்டது.

உடனே மூடியைத் திருப்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. ஸ்டெல்லா பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள், அதில் மூடி கையில் இருப்பதே மறந்துபோனது. அது என்ன என்பதை வரிசையாகச் சொல்கிறேன். நீ குறுக்கே பேச முடியாது. உன்னோடு பழகிய முப்பது வருஷத்தில் இந்த வசதி எனக்கு இப்போதுதான் கிடைத்திருக்கிறது.

சண்டைக் காலத்தில் ஊருக்கு வடக்கே இத்தாலிக்காரக் கைதிகளை அடைத்துவைத்திருந்தார்களே, அந்தக் கேம்ப் சமையலறையில் நீ உதவியாளாக இருந்தாய். நான் அல்சூரில் பேக்கரியில் மாவு பிசைந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது, கேம்ப்பில் பார்த்த அதிசயங்களை நீ அவிழ்த்துவிடுவாய். அதில் பெரிய அதிசயம் எட்டோரே. கிழிந்த காக்கிச் சட்டையும் கிறிஸ்து ராஜாவின் தாடியும் வைத்திருந்த கைதி. உருளைக்கிழங்கு உரிக்க உன் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டவன்.

"அவன் சாதாரண ஆளில்ல மச்சான். அவங்க வீட்ல அறுநூறு வருஷமா ஒரே தொழில். ஒயின். இருபத்திரெண்டு தலைமுறை. அவங்க மொத பீப்பாய் வைக்கறப்ப பெங்களூரே பொறக்கல."

"அப்புறம் எதுக்குடா உருளைக்கிழங்கு உரிக்கறான்?"

"கத்தியப் புடிக்கறதப் பாத்தாலே தெரியும். ராஜா மாதிரி உரிக்கறான்."

அந்த வீட்டைப் பற்றி நீ சொன்னதையெல்லாம் நான் இரண்டால் பெருக்கி அல்சூர் முழுக்கப் பரப்பினேன். மலைமேல் கோபுர வீடு. கோபுரத்தின் உச்சியில் கல்லில் செதுக்கிய ஓர் ஆந்தை. அந்த ஆந்தைதான் வீட்டின் முத்திரை. அவர்களுடைய செந்நிற ரசம் ஒற்றைத் திராட்சையில் ஆனதில்லை. தங்கள் மலையிலேயே விளையும் புளிப்புத் திராட்சை ஒன்று. அது வீட்டுத் தலைவர் மாதிரி, விறைப்பு. பிரெஞ்சு தேசத்திலிருந்து மருமகளாக வந்த திராட்சை இன்னொன்று. அது வந்த பிறகுதான் வீட்டுத் தலைவர் முகத்தில் சிரிப்பு. மூன்றாவது, நிறத்துக்காகக் கொஞ்சம். மூன்றையும் தனித்தனியாக ஊறவைத்துப் பிறகு கலப்பார்கள். எந்த அளவில் கலப்பது என்பதுதான் அறுநூறு வருஷத்து ரகசியம். போப்பாண்டவரே கையில் டம்ளரோடு அந்த ரசத்துக்கு வரிசையில் நிற்பார் என்று நான் சொன்னேன். அதை நம்பாதவர்கள் அல்சூரில் இரண்டு பேர்தான்.

நீ சொன்னதிலேயே எனக்கு மயிர்க்கூச்செறிந்தது அந்தக் கலப்பு முறை. அளவை அந்த வீட்டில் எழுதிவைப்பதே இல்லை, வருஷத்துக்கு வருஷம் பழம் மாறுவதால். அண்ணனும் தம்பியும் மூன்று பீப்பாய்களிலிருந்தும் ருசி பார்ப்பார்கள். பிறகு ஒரு காலிப் பீப்பாயைக் கிடத்தி, அண்ணன் ஒரு முனையிலும் தம்பி மறுமுனையிலும் போய் நிற்பார்கள். ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது. ஆளுக்கொரு கரித்துண்டு. மொத்தம் பத்துக் கோடு. முதல் திராட்சைக்கு இத்தனை, இரண்டாவதுக்கு இத்தனை, மூன்றாவதுக்கு இத்தனை என்று மூன்று கூட்டமாகப் பீப்பாயின் முகப்பலகையில் போட வேண்டும். இரண்டு முனையும் ஒத்துப்போனால் ஆந்தை முத்திரையைக் காய்ச்சி இரண்டு முகப்பிலும் சூடு வைத்து, அந்த அளவில் கலந்து நிரப்புவார்கள். ஒத்துப்போகாவிட்டால் மறுநாள் திரும்ப ருசி பார்க்க வேண்டும். அண்ணன் தம்பிக்குள் ஒரு கோட்டுக்காக மூன்று வாரம் பேச்சு நின்றுபோன வருஷங்கள் உண்டாம்.

"ஒத்த நாக்க நம்பக்கூடாதாம் மச்சான். ரெண்டு நாக்கு ஒரே சொல்லு சொன்னாத்தான் அது ருசியாம்," என்றாய்.

கேம்ப் கலைந்தது. எட்டோரே ஊருக்குப் போனான். அவனும் அவன் சகாக்களும் பெட்டி மரத்தில் செய்துவைத்திருந்த பீப்பாய்கள் உன்னிடம் வந்துசேர்ந்தன. நாற்பத்தேழாம் வருஷம், ஊரெல்லாம் கொடிக்கம்பம் நட்டுக்கொண்டிருந்த அந்த ஆடி மாதத்தில், நானும் நீயும் உன் வீட்டுக் கொட்டகையில் முழங்கால் வரை நீலமாக நின்றுகொண்டிருந்தோம். தேவனஹள்ளித் தோட்டக்காரரிடம் நான் பழத்தைக் கடித்து முகம் சுளித்ததும் அவர், "ஹுளி இதெ, ஆதரெ ஒள்ளெ ஹண்ணு," என்று தன் பழத்துக்காக வாதாடியது இன்னும் காதில் இருக்கிறது. புளிப்புத்தான், ஆனாலும் நல்ல பழம். அந்தப் பெங்களூர் நீலம்தான் நம் வீட்டுத் தலைவர். கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து ரயிலில் வந்த பன்னீர் திராட்சை மருமகள். நிறத்துக்கு இத்தாலியில் என்ன போட்டார்களோ, நாம் நாவல்பழத்தைப் போட்டோம். ஈஸ்ட்டு என் பேக்கரியிலிருந்து.

முதல் கலப்பு நாள் உனக்கு நினைவிருக்கும். நினைவில்லை என்று சொல்ல உனக்கு வாய் இல்லை. பீப்பாயைக் கிடத்தினோம். நீ சொன்னாய், "மொதல்ல நீ போடு மச்சான். பெரியவன் போட்டப்புறம்தான் சின்னவன். அதுதான் அந்த வீட்டு வழக்கம்." நான் உனக்கு ஒன்றரை வயசு மூத்தவன். பெருமையாக இருந்தது. கரியை எடுத்து, மாவு பிசைகிற கையால் அழுத்தி அழுத்திப் போட்டேன். ஏழு. கொஞ்சம் யோசித்து, இரண்டு. இன்னும் யோசித்து, ஒன்று. எட்டிப் பார்த்தேன். நீ கண்ணை மூடிக் கன்னத்தைப் பீப்பாய்மேல் சாய்த்து வைத்திருந்தாய்.

"என்னடா, ஜெபமா?"

"எட்டோரே அப்படித்தான் செய்வானாம். மரத்துகிட்ட கேக்கணுமாம்."

பிறகு நீ கோடு போட்டாய். சுற்றிவந்து பார்த்தேன். ஏழு, இரண்டு, ஒன்று. மச்சான், அன்று எனக்குள் என்ன நடந்தது என்று உன்னிடம் சொன்னதில்லை. கோமாளித்தனம் செய்துதான் மறைத்தேன். கொட்டகையைச் சுற்றி மூன்று முறை ஓடினேன், உன் தலையில் காலி டம்ளரைக் கவிழ்த்தேன். உள்ளே என்ன என்றால், பயம். ஒரு மனுஷன் வாயில் ஊறுவது அவனோடு போய்விடுகிறது. நான் புளிப்பு என்று உணர்வதும் நீ புளிப்பு என்று சொல்வதும் ஒன்றுதானா என்று யாரால் சொல்ல முடியும். அந்தப் பலகையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. உலகத்தில் இன்னொருவனுக்கும் இதே நாக்கு. அதன் பிறகுதான் ஸ்டெல்லாவை உனக்குக் கொடுக்க அப்பாவிடம் பேசினேன். ஜாதகம் பார்க்கிற குடும்பம் இல்லை நம்முடையது. நான் பார்த்த பொருத்தம் அந்தப் பத்துக் கோடு.

பதினோரு வருஷம். ஒவ்வொரு வருஷமும் ஒத்துப்போனது. நீ எட்டோரேவுக்குக் கடிதம் எழுதுவாய், வருஷத்துக் கோடுகளையும் சேர்த்து. நம் ரசம் மர்பி டவுன் கல்யாணங்களில் ஓடியது. கிறிஸ்துமஸுக்கு ஃபாதர் வீட்டுக்கு இரண்டு பாட்டில் போகும். ஃபாதர் ஒரு வாய் குடித்துவிட்டு, "இதுல யாருடைய நாக்கு?" என்று கேட்பார். "ரெண்டு பேருதும் ஒரே நாக்கு ஃபாதர், சாமி தவறிப்போய் ரெண்டு வாயில வச்சிட்டாரு," என்பேன் நான். நீ சிரிப்பாய். இப்போது யோசித்துப் பார்க்கிறேன், ஒருநாளும் நீ அதற்குப் பதில் சொன்னதில்லை.

ஐம்பத்தேழு கடைசியில் எட்டோரே வந்தான். கிறிஸ்துமஸ் முடிந்த வாரம். தாடி எடுத்த முகம், பாதாம் நிறக் கோட்டு. அண்ணன் இறந்துவிட்டான் என்றான். பீப்பாயின் மறுமுனையில் ஆள் இல்லை. இரண்டு அறுவடையின் ரசம் முத்திரை இல்லாமல் நிலவறையில் காத்துக் கிடக்கிறது. சொந்தக்காரர்கள் வந்து நின்றார்கள், ஒருவர் கோடும் அவனுடையதோடு ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் உன் கடிதங்களை எடுத்துப் படித்திருக்கிறான். தன் வீட்டில் கூடப்பிறந்தவர்களுக்குள்ளேயே பத்து வருஷத்துக்கு மூன்று வருஷம் முதல் நாளே ஒத்துப்போனால் அதிகம். இங்கே பதினோரு வருஷம் வரிசையாக. இருபத்திரண்டு தலைமுறையில் நடக்காதது மர்பி டவுன் கொட்டகையில் நடந்திருக்கிறது. இருவரில் ஒருவனை அழைத்துப் போகிறேன், மறுமுனையில் நிற்க என்றான். வருஷாவருஷம், சாகும் வரைக்கும்.

எனக்குத் தூக்கம் போயிற்று, பசி போயிற்று. இதைத்தான் நீ பார்க்காத மாதிரி இருந்துவிட்டாய். அல்சூர் பஜார் தையல்காரரிடம் போய் கம்பளிக் கோட்டுக்கு அளவு கொடுத்தேன். தேர்வு நடக்கும் முன்பே. "இமயமலைக்குப் போறீங்களா மாமா," என்று அவர் கேட்டதற்கு, "அதெல்லாம் குன்று. போப்பாண்டவருக்குப் பக்கத்து வீடு," என்றேன். பேக்கரியில் எல்லோரிடமும் விடைபெற்றாகிவிட்டது. அடுப்பிடம்கூடச் சொல்லிக்கொண்டேன்.

அந்தத் தேர்வு. மூன்று பீப்பாய் ரசம். நாவல்பழ ரசத்தை வாயில் வைத்ததும் எட்டோரே நெடுநேரம் கண்ணைத் திறக்கவில்லை. "இது பாவம்," என்றான் இங்கிலீஷில். இன்னொரு வாய் குடித்தான். "நல்ல பாவம்." குடம் அளவுள்ள இரண்டு குட்டிப் பீப்பாய்களைக் கிடத்தினோம். முதலில் நீ அவனோடு. "விருந்தாளி முதலில்," என்றாய் அவனிடம். அவன் போட்டான். நீ கன்னத்தை மரத்தில் சாய்த்தாய். அவன் உன்னைப் பார்த்துப் புன்னகைத்தான், பக்தி என்று நினைத்திருப்பான். ஆறு, மூன்று, ஒன்று. உன் முனையிலும் ஆறு, மூன்று, ஒன்று.

பிறகு நான். இரண்டாவது பீப்பாய். என் முனையில் ஆறு, இரண்டு, இரண்டு. அந்த வருஷம் பன்னீர் திராட்சையில் மழை ஏறியிருந்தது மச்சான், வாசனை மட்டும் இருந்தது, உடம்பு இல்லை. நாவல் அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று என் நாக்கு அடித்துச் சொன்னது. எட்டோரே தன் முனையில் மறுபடியும் ஆறு, மூன்று, ஒன்று என்றே போட்டிருந்தான்.

"ஒரு கோடு," என்றான் என்னிடம், துக்கம் விசாரிப்பவன் மாதிரி. "ஒரே ஒரு கோடு."

ஒத்துப்போகாத அளவில் கலக்காமல் விட்டுவிடுவதுதான் வழக்கம். அவனுக்கு மனம் வரவில்லை. என் கோட்டின்படியே அந்தப் பீப்பாயை நிரப்பி, கப்பலில் குடிக்க ஆகும் என்று எடுத்துக்கொண்டான். உன் பீப்பாயில் எட்டோரே கொண்டுவந்திருந்த ஆந்தை முத்திரை சுட்டது. மரம் எரிந்த அந்த வாசனையில் நீ என் தோளைப் பிடித்தாய்.

"நாக்குன்னா அப்படித்தான் மச்சான். ஒருநாள் வழுக்கும்."

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். நீ ஜெயித்தாய், அது போதாதா. தோற்றவனுக்கு ஆறுதல் என்று அவன் நாக்கையே பிடுங்கி எடுக்க வேண்டுமா. தையல்காரரிடமிருந்து கோட்டு வந்தபோது உனக்குக் கோட்டு இல்லை என்று ஸ்டெல்லா கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள். கொடுத்துவிட்டேன். தோள் கொஞ்சம் தளர்வாக இருந்தது உனக்கு. கண்டோன்மென்ட் ஸ்டேஷனில் ஊரே திரண்டு நின்றது, பெங்களூரில் அன்று சாமந்திப்பூ தீர்ந்துபோயிருக்கும். என் கோட்டுமேல் உனக்கு மாலை.

ஒரே ஒரு அறுவடை பார்த்துவிட்டுத் திரும்பினாய். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்றாய். அங்கே எப்படி என்று எல்லோரும் மொய்த்தபோது நீ சொன்னது இப்போதும் நினைவிருக்கிறது. "பீப்பாயா அது, நம்ம கோயில் அளவு. இந்த முனையில தும்மினா அந்த முனைக்கு மறுநாள்தான் கேக்கும்." விழுந்து விழுந்து சிரித்தோம். நானும்தான். எனக்கே சவாலா விடுகிறாய், புளுகில் என்னையே மிஞ்சிவிட்டாயே என்று முதுகில் தட்டினேன். மச்சான், உன் வாழ்நாளில் நீ சொன்ன ஒரே உண்மை அது என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு நீ கண்டோன்மென்ட்டின் பெரிய ஹோட்டலில் ஒயின் மேஜைக்குத் தலைவன். இத்தாலி போய் வந்த நாக்கு. கொட்டகையை நீ திறக்கவே இல்லை. என்னைக் கூப்பிடவும் இல்லை. பெரியமனுஷன் ஆகிவிட்டான் என்று நினைத்தேன். நான் என்ன ஆனேன் என்றால், வீட்டில் குழம்புக்கு உப்புச் சரியா என்பதைக்கூட என் வீட்டுக்காரி ரெஜினாவிடம் கேட்டுவிட்டுத்தான் சாப்பிடுவேன். "வாயில வச்சிருக்கறது நீங்க, என்னக் கேட்டா?" என்பாள். பேக்கரியில் மாவை வாயில் போட்டுப் பார்ப்பதை விட்டுவிட்டேன். வழுக்கிய நாக்கு. அது இன்னொரு முறையும் வழுக்கும்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். மூடியை முகர்ந்துவிட்டு ஸ்டெல்லாவிடம் கேட்டேன், "இவ்வளவு வேப்பிலையா போட்டு வச்சிருந்தே? சோத்துல கசப்பு வாசனை ஏறுமே, மச்சான் ஒண்ணும் சொல்லமாட்டானா?"

"அவருக்கு என்னா தெரியும். மூக்குதான் செத்துப்போச்சே."

"எப்ப?"

"எப்பவா? கேம்ப்ல இருக்கறப்ப வந்த ஜுரத்துல. எங்க கல்யாணத்துக்கு முந்தியே. சோறு தீஞ்சாக்கூடத் தெரியாது. உப்பு, புளிப்பு, ஒறைப்பு, அவ்வளவுதான். மத்ததெல்லாம் அவரு வாய்க்கு ஒண்ணுதான்." என் முகத்தைப் பார்த்தாள். "இன்னாண்ணே அப்படிப் பாக்கறே. நீங்க ரெண்டு பேரும் சேந்துதானே ஊர ஏமாத்தினீங்க. நீ ருசி பாத்துக் கோடு போடுவே, அவரு பீப்பாயில காத வச்சுக் கேட்டுட்டு அதையே போடுவாரு. டக்கு டக்குன்னு மரத்துல கேக்குமாமே. உங்கண்ணன் கோடு போடறது கதவ இடிக்கற மாதிரின்னு சொல்லிச் சிரிப்பாரு. அண்ணன் பண்ற குறும்புல இவரும் கூட்டுன்னு நான் வாயத் தொறக்கல."

அறுபது வீடுகளில் செருப்பை இடம் மாற்றி வைத்தவன் நான். மூன்று கல்யாணங்களில் மாப்பிள்ளையின் பல்செட்டை ஒளித்தவன். ஃபாதரின் ஆட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன். அந்தப் பெயரெல்லாம் சேர்ந்து என்னை இப்படி வந்து அடிக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. ஏமாந்தவன் நான் என்று யாருக்கும் சந்தேகம்கூட வரவில்லை. இவன் ஏமாற்றுகிறவன், இவனை யார் ஏமாற்றப் போகிறார்கள்.

"உனக்குத் தெரியாதாண்ணே?" என்றாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

அவள் கழுத்தில் தாலி இல்லாத இடத்தைப் பார்த்தேன். "தெரியாம என்ன," என்றேன். "அது என் ஐடியாதானே. அவனுக்கு அவ்வளவு மூளை ஏது."

சிரித்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவை. பார், நீ போன பிறகும் உன் மறுமுனையில் நின்று உன் கோட்டையே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவள் போன பிறகுதான் மூடியைத் திருப்பினேன். பத்து வருஷம் அரிசியைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அது, சுத்தமாக இருந்தது. மூன்று கூட்டமாகக் கோடுகள். ஆறு, இரண்டு, இரண்டு. என் கை. கதவை இடிக்கிற கை. நான் போட்டது கரியில். யாரோ அந்தக் கரிமேல் ஒவ்வொரு கோடாகச் சூட்டுக்கோலால் சுட்டிருந்தார்கள், அழியாதபடி. பக்கத்தில் ஆந்தை முத்திரை. அதன் கீழே இங்கிலீஷ் பெரிய எழுத்தில் என் பெயர்.

கப்பலில் குடிக்கிறேன் என்று சொன்னவன் குடிக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோய், காலம் கொடுத்து, பிறகுதான் திறந்திருக்கிறான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ருசித்திருக்கிறான். அந்த வீட்டில் இரண்டு முனையும் ஒத்துப்போனால்தான் முத்திரை. தன் கோட்டை அழித்துவிட்டு என் கோட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறான், ஒரு வருஷம் கழித்து, கடல் தாண்டி. அந்தப் பீப்பாயின் முகப்பை அறுத்தெடுத்து, என்னிடம் சேர்க்கச் சொல்லி உன் கையில் கொடுத்திருக்கிறான். கூட ஏதாவது சொல்லியனுப்பினானா என்று எனக்கு இனி தெரியப்போவதில்லை. "அவனை வரச் சொல்" என்று சொல்லியிருந்தாலும் சொல்லியிருப்பான். என் கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, என் பலகையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, ஸ்டேஷனில் இறங்கி என்னைக் கட்டிப்பிடித்தாயே, அப்போது பலகை நம் இரண்டு பேர் முழங்காலுக்கும் நடுவில்தான் இருந்திருக்கும்.

நீ இத்தாலி போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். நிறையவே வருத்தம். ஆனாலும் அதைத் தாங்கிவிடுவேன். மூக்கு செத்தவன் கூச்சத்தில் முதல் வருஷம் ஒரு தந்திரம் செய்தான், பிறகு அதிலிருந்து இறங்க வழி தெரியவில்லை என்று கூடப் புரிந்துகொள்வேன். பலகையை ஒளித்ததற்கு என்ன சொல்வாய். அதைக் கொடுத்திருந்தால் உன் குட்டு உடைந்திருக்காது. "இந்தா மச்சான், உன் கோடுதான் சரியாம்" என்று ஒரு வார்த்தை. உன் பெருமையில் ஒரு கைப்பிடி குறைந்திருக்கும். என் வாய்க்குப் பத்து வருஷம் கிடைத்திருக்கும்.

எரித்திருக்கலாமே. அதுவும் செய்யவில்லை நீ. தினம் உன் வீட்டில் யாராவது சோற்றுக்கு அரிசி எடுக்கும்போது அதைத் தூக்கி வைத்திருப்பார்கள். நீயும் தூக்கியிருப்பாய். எதற்கு வைத்திருந்தாய் என்று கேட்கத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுதத் தெரிகிறது, நீ சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ரெஜினாவைக் கொட்டகைக்கு அழைத்துப்போனேன். பழைய பீப்பாய் ஒன்று இன்னும் கிடக்கிறது. மறுமுனையில் அவளை நிறுத்திக் கரியால் இஷ்டத்துக்குக் கோடு போடச் சொன்னேன். "பைத்தியம் முத்திருச்சு," என்றபடி போட்டாள். கன்னத்தை மரத்தில் சாய்த்துக் கண்ணை மூடினேன். நான்கு. கொஞ்சம் நிறுத்தி, ஐந்து. பிறகு ஒன்று. காதுக்குள்ளேயே யாரோ கோடு போடுவதுபோல் அவ்வளவு துல்லியம். நான் ஏழு என்று போட்டு யோசித்து நின்ற அந்த நேரமெல்லாம் நீ இப்படித்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணியிருக்கிறாய். அங்கே கோயில் அளவுப் பீப்பாயில்தான் அது கேட்கவில்லை.

எனக்கு அந்த நேரம் வேறு மாதிரி இருந்தது மச்சான். என் கோட்டை முடித்துவிட்டு, உன் கரி மரத்தில் உரசும் சத்தத்துக்காகக் காத்து நிற்பேனே. ஒத்துப்போகுமா, போகாதா. வருஷத்தில் நான் முழுசாக உயிரோடு இருந்தது அந்த நேரம்தான். அங்கே இன்னொரு நாக்கு இருந்ததே இல்லை, காது ஒன்றுதான் இருந்தது என்று இப்போது தெரிகிறது. தெரிந்த பிறகும் அந்தக் காத்திருப்பு போகமாட்டேன் என்கிறது. ரெஜினா கரியைக் கீழே போட்ட பிறகும் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அன்று மத்தியானம் மீன் குழம்பு. ஒரு வாய் வைத்ததும், "உப்பு சரி. புளி ஒரு சுண்டைக்காய் அளவு கூட," என்றேன். ரெஜினா கரண்டியில் தொட்டு நாக்கில் வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"பத்து வருஷமா எங்க போயிருந்தீங்க?"

"இத்தாலிக்கு," என்றேன்.

மூடியை நாளைக்குப் பேக்கரிக்குக் கொண்டுபோகிறேன். மாவுப் பானைமேல்தான் வைக்கப்போகிறேன், முத்திரைப் பக்கம் மேலே. ஸ்டெல்லா வந்தால் பார்ப்பாள், இது என்ன என்று கேட்பாள். சொல்லவேண்டியதை முடிவுசெய்துவிட்டேன். உன் புருஷன் இத்தாலியிலிருந்து எனக்காகக் கொண்டுவந்தது என்பேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. வந்துசேரத்தான் பத்து வருஷம் ஆனது.